வரிப்பணம் எங்கே போனது என்று கேட்டு மனு எழுதுவது எப்படி?

தருமபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தலை நிமிர நேரமிருக்காது. வாரத்துக்கு ஒருவராவது வந்து, “வீட்டு வரியை ஏத்திட்டாங்க, பணமெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டு எழுதுங்க” என்பார். நான் எழுத மாட்டேன். மொத்தமாகக் கேட்டால் பதிலும் மொத்தமாகத்தான் வரும்.

போன வருடம் வந்த தையல்கார அக்கா ஒருவருக்குச் செய்ததையே சொல்கிறேன்.

முதலில் ரசீதைக் கொண்டுவரச் சொன்னேன். சொத்து வரியோடு நூலக வரி, குடிநீர்க் கட்டணம் என்று என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்தோம். 2022-ல் நகராட்சிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம் ஏறியது. அக்காவின் வீடு அதில் வரும். அரையாண்டுச் சொத்து வரி 1,240 ரூபாய். ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதாவது 62 ரூபாய். அக்காவுக்கு அது தெரியாது. சண்டை பிடிப்பதென்றாலும் வரியைக் கட்டிவிட்டே பிடியுங்கள், தாமதித்தால் வட்டி ஏறும்.

அப்புறம், “ஊர்க் கணக்கு வேண்டாம், உங்க கண்ணுக்குத் தெரியிற ஒரு வேலையைச் சொல்லுங்க” என்றேன். தெருச் சாக்கடை என்றார். கட்டினார்கள், ஆனால் மேலே மூடிப் பலகை இல்லை. யாரோ பலகைக் காசைத் தின்றுவிட்டார்கள் என்பது அவருடைய வாதம்.

மனுவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ், நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு எழுதினேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். “ஏன் பலகை போடவில்லை?” என்று எழுதாதீர்கள். ‘ஏன்’ என்பதற்குக் காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். நான் கேட்டவை நான்கு: அந்த வேலையின் மதிப்பீட்டு நகல், வேலை உத்தரவு நகல், செய்த வேலையின் நீள அகலத்தைப் பதியும் எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், எந்த நிதியில் இருந்து பணம் கொடுக்கப்பட்டது என்ற விவரம். கடைசிக் கேள்வி முக்கியம். தெருவில் நடக்கும் எல்லா வேலையும் நம் வரிப்பணத்தில் நடப்பதில்லை. மாநில நிதிக்குழு, மத்திய நிதிக்குழு மானியங்களும் வருகின்றன.

நேரில் கொடுத்து, நம்மிடம் இருக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் பிரிவு 19(1)-இல் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. பிரிவு 2(j) ஆவணத்தையும் வேலையையும் நேரில் பார்வையிடவும் உரிமை தருகிறது. நம் ஆட்கள் அதைக் கேட்பதே இல்லை.

அக்காவுக்குப் பதில் வந்தது. 23 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 46 ரூபாய். ஊக்கத்தொகை 62 ரூபாயில் ஸ்டாம்புக்கும் நகலுக்கும் போக 6 ரூபாய் மிச்சம் என்று நானே கணக்குப் போட்டுச் சொன்னேன், அக்கா சிரிக்கவில்லை. எம்-புக் நகலோடு தன் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். பையன் ஒரு முனையைப் பிடிக்க, ஒன்றரை மீட்டர் ஒன்றரை மீட்டராக எண்ணி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டதாம். நீளம் சரியாக இருந்தது. அகலமும் சரி. மூடிப் பலகை? மதிப்பீட்டிலேயே இல்லை! யாரும் தின்னவில்லை, யாரும் போட நினைக்கவும் இல்லை.

மறுவாரம் அதே காகிதங்களோடு வந்தார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. பலகைக்கான கோரிக்கையை, வார்டு மக்கள் கூடித் தேவைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்கலாம். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அந்த மனுவுக்கு ஸ்டாம்ப் வேண்டாம்.