ஜிமேட் புள்ளியின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்

எம்.பி.ஏ. விண்ணப்பத்துக்காக, வணிகக் கல்லூரிகள் கேட்கும் ஜிமேட் நுழைவுப் பரீட்சையின் புள்ளிகளை ஒப்பிடுமுன் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 0 என்றால் அது பழைய பரீட்சையின் மொத்தப் புள்ளி; 5 என்றால் 2023 நவம்பரில் அறிமுகமான புதிய பரீட்சையினுடையது.

பழைய அளவுகோல் 200 முதல் 800 வரை, புதியது 205 முதல் 805 வரை என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், புதிய பரீட்சையில் பெறும் 645 ஏறத்தாழப் பழைய 700க்குச் சமம். இது தெரியாமல், "700 இல்லாமல் சரிவராது" என்ற பழைய அறிவுரையை நம்பி, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருக்கும் ஒரு பட்டதாரி 645 வைத்துக்கொண்டே மறுபடியும் டொலரில் கட்டணம் செலுத்துவது வீண் செலவு. ஆகவே பெர்சன்டைலை, அதாவது உங்களுக்குக் கீழே புள்ளி பெற்றவர்களின் சதவீதத்தை, ஒப்பிடுங்கள். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிக்கு முல்லைத்தீவுக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று என வெட்டுப்புள்ளி பார்த்துப் பழகிய நமக்கு இது சற்றுப் புதிது. இங்கே மாவட்டக் கணக்கே கிடையாது, உலகெங்கும் அண்மைய ஆண்டுகளில் எழுதியவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான். அந்த வரிசை காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், நடப்பு அட்டவணையையே பார்க்க வேண்டும்.

கல்லூரிகள் வெளியிடும் சராசரிக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது, ஏனெனில் சராசரி எந்த இலக்கத்திலும் முடியலாம்; அங்கே எந்தப் பரீட்சைக்குரியது என்ற அடிக்குறிப்பைத் தேடுங்கள். 60 முதல் 90 வரையான பகுதிப் புள்ளிகளுக்கும், பட்டமேற்படிப்புக்கான வேறொரு நுழைவுப் பரீட்சையான ஜிஆர்ஈக்கும் இது உதவாது.