பெட்டியைக் காணோமா? முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டு எல்லையில் ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திராவின் தடா. அந்த ரோட்டில் பதினோரு வருடம் பிக்கப் ஓட்டினேன். கும்மிடிப்பூண்டியில் வெல்டிங் சோதிக்கும் ஒரு கம்பெனியின் ‘கேமரா’வை ஸ்ரீசிட்டி, நாயுடுபேட்டை, கிருஷ்ணப்பட்டினம் என்று சைட் சைட்டாகக் கொண்டுபோவேன். பைப் ஜாயிண்டை எக்ஸ்ரே மாதிரி படம் எடுக்கும் பெட்டி அது. உள்ளே இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும், அதைத்தான் ‘சோர்ஸ்’ என்போம். கைப்பெட்டி அளவுதான், ஆனால் தூக்கினால் தோள் இறங்கும். கதிரைத் தடுக்கிற கவசத்தின் கனம் அது. அந்தக் கனத்தைப் பார்த்தாலே காயலான் கடையில் விலை பேசத் தோன்றும். எனக்குப் பெரிய பயம் அதுதான். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகள் இதை ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

ஏற்றும்போது பெட்டிக்குப் பூட்டு, பெட்டியை வண்டியோடு சேர்த்துச் சங்கிலி, அதற்கும் ஒரு பூட்டு. கேபினில் வைக்கக் கூடாது. டூல் பாக்ஸ்களோடு கலந்தும் வைக்கக் கூடாது.

அடுத்தது கதிரை அளக்கும் மீட்டர். மஞ்சள் லேபிளில் ‘போக்குவரத்துக் குறியீடு’ என்று ஒரு எண் இருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால், பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு எத்தனை மைக்ரோசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு) என்று வரும். 0.4 என்றால் ஏறக்குறைய 4. கிளம்பும்போதும் இறக்கும்போதும் மீட்டரை வைத்துப் பார்த்து எழுதுங்கள். வெறும் ரோட்டில் காட்டுகிற அளவே காட்டினால் பெட்டிக்குள் சோர்ஸ் இல்லை என்று அர்த்தம். எகிறினால் சோர்ஸ் கவசத்துக்குள் சரியாக இல்லை, உடனே விலகி நில்லுங்கள்.

பெட்டி இருந்தாலே போதாதா என்று கேட்பார்கள். 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்திலிருந்து பெர்த்துக்கு 1400 கிலோமீட்டர் லாரியில் போன கருவி, பெர்த்துக்குப் போய்ச் சேர்ந்தது. 25ஆம் தேதி பிரித்தால் ஒரு போல்ட் இல்லை, உள்ளே இருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் குப்பியும் இல்லை. 8 மி.மீ. உயரம், 6 மி.மீ. அகலம், வழியிலேயே விழுந்திருக்கிறது. மீட்டர் பொருத்திய வண்டிகளை ஓட்டித் தேடி, பிப்ரவரி 1ஆம் தேதி நியூமன் பக்கம் ரோட்டோரத்தில் எடுத்தார்கள். இறக்கிய அன்றே மீட்டர் வைத்திருந்தால் அத்தனை நாள் போயிருக்காது.

சரி, காணோம். இப்போது என்ன செய்வது? நீங்களே போய்த் தேடிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். முதல் போன் கம்பெனியின் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு அவர் சொல்வார். அடுத்த போன் போலீசுக்கு. எல்லைக்கு எந்தப் பக்கம் போனது என்று தெரியாவிட்டால் ஆரம்பாக்கம், தடா இரண்டு ஸ்டேஷனிலும் சொல்லுங்கள். கடைசியாகப் பெட்டியைக் கண்ணால் பார்த்த இடம், நேரம், நின்ற டீக்கடை, டோல்கேட், எல்லாம் மறக்கும் முன் எழுதுங்கள். அப்புறம் பெட்டியின் போட்டோவோடு ஆட்களைக் காயலான் கடைகளுக்குப் போகச் சொல்லுங்கள். போட்டோவுக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்க வேண்டும். ‘தொடாதே, முட்டுகோவத்து’ என்ற இரண்டு வார்த்தை போதும்.

ஏன் காயலான் கடை என்றால், 2010இல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவி பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கே உடைக்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60, அதுவும் கதிரியக்கப் பொருள்தான். ஒருவர் இறந்தே போனார். பாவம், அந்தக் கடை ஆட்களுக்கு யாருமே சொல்லவில்லை.

கையில் எடுத்தால் சுடாது, வாசனை வராது. தோல் சிவந்து புண்ணாகவே பல நாள் ஆகலாம். அதனால் பெட்டி உடைந்து கிடந்தாலோ, ரோட்டில் பளபளப்பாகச் சின்ன உலோகத் துண்டு கிடந்து அது சோர்ஸாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலோ தொடாதீர்கள். முப்பது மீட்டருக்கு ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒரு பங்காகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்று. எடுக்க வேண்டியவர்கள் வரும்வரை அங்கேயே காவல் இருங்கள். யாராவது ஏற்கெனவே தொட்டிருந்தால் பெயரும் போன் நம்பரும் வாங்கி வைத்து, டாக்டரிடம் போகும்போது கதிரியக்கம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

என் வண்டியிலும் ஒருமுறை நடந்தது. ஸ்ரீசிட்டியில் ஒரு சைட்டில் டூல் பாக்ஸ் இறக்கிவிட்டு நாயுடுபேட்டை போய்ப் பார்த்தால் சங்கிலி மட்டும் தொங்குகிறது. அவசரத்தில் நான் சங்கிலிப் பூட்டைப் போடாமல் விட்டிருந்தேன். மேலாளர் போனில், “நாளைக்குப் பார்க்கலாம், யாரிடமும் சொல்லாதே” என்றார். கை நடுங்கியது, வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் பாதுகாப்பு அதிகாரிக்கு போன் போட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. “கடைசியாக எங்கே பார்த்தாய்?” என்று மட்டும் கேட்டார். மாலை ஆறு மணிக்குள் அந்த சைட் கொட்டகையில் டூல் பாக்ஸ்களுக்கு அடியில் பெட்டி கிடைத்தது. அந்தக் குவியல்மேல் உட்கார்ந்து ஒரு பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். பெட்டியின் பூட்டு அப்படியே இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், லேபிளில் இருந்த அளவேதான்.