நம் ஊர் சம்ப் வேறு, இங்கே சம்ப் வேறு: அயோவா கிராமப்புறத்துக்குக் குடிவருபவர்களுக்கு

வேலை சீடர் ராப்பிட்ஸில், வீடு பக்கத்துக் கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே. அபார்ட்மென்டுக்கு வாடகை கொட்டிக் கொடுப்பதற்கு இப்படி ஒரு வீட்டை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள் நாங்கள். இப்போது அலுவலகத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள் இதே பக்கம் வீடு பார்க்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

இங்கே புயலுக்கும் வெள்ளத்துக்கும் எப்படித் தயாராக இருப்பது என்பதுதான் விஷயம். முதலில் எல்லோரும் சொல்வதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சாவி கையில் வந்த வாரமே கவுண்டியின் அவசரத் தகவல் சேவையில் உங்கள் செல் எண்ணைப் பதிந்துவிடுங்கள். அரசின் வானிலை எச்சரிக்கைகளை ஒலிபரப்பும் நோவா வெதர் ரேடியோ ஒன்று வாங்கி, உங்கள் கவுண்டியின் குறியீட்டைப் போட்டு, பேட்டரியோடு படுக்கையறையில் வையுங்கள். ஊருக்குள் ஊதும் சைரனை நம்பாதீர்கள். அது வெளியில் நிற்பவர்களுக்கானது, நம் வீடு இருக்கும் தூரத்துக்குக் கேட்கவே கேட்காது. டொர்னேடோ என்ற சுழற்காற்றுக்கு வாட்ச் என்றால் வரலாம் என்று அர்த்தம். வார்னிங் என்றால் கண்ணிலோ ரேடாரிலோ தெரிந்துவிட்டது, கீழே ஓடு என்று அர்த்தம். நான் முதல் வருடம் இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, வாட்ச்சுக்கெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆளுக்கு நாளுக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அந்தக் கணக்கில் மூன்று நாளுக்காவது குடிநீர் வேண்டும் என்பார்கள். இங்கே ஒரு வாரத்துக்கு வையுங்கள். காரணம் கீழே வருகிறது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 டிசம்பரில் வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டபோது நான் அங்கேதான் இருந்தேன், அதைவிட என்ன வந்துவிடப் போகிறது என்ற தெனாவட்டு எனக்கு உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று இந்தப் பக்கம் டெரேச்சோ அடித்தது, இடிமழையோடு நேர்கோட்டில் பாய்ந்து வரும் பெருங்காற்று அது. காற்று மணிக்கு 140 மைல், அதாவது 225 கிலோமீட்டர் வரை போயிருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள். புயல் என்றால் நமக்கு மூன்று நாள் முன்னாலேயே பெயரெல்லாம் வைத்துச் சொல்லிவிடுவார்கள். டெரேச்சோவுக்கு அந்த மரியாதை கிடையாது. சிலருக்கு மின்சாரம் திரும்ப இரண்டு வாரம் ஆனது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட் அம்மா, "பேஸ்மென்டில் சம்ப் இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சம்ப் இருக்கிற வீடு! மெட்ரோ லாரிக்குக் குடத்தோடு நின்ற வம்சம் இல்லையா நாம். நம் ஊரில் சம்ப் என்றால் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி. இங்கே சம்ப் என்பது பேஸ்மென்ட் தரையில் தோண்டிய ஒரு குழி. அஸ்திவாரத்தைச் சுற்றி ஊறும் தண்ணீர் அதில் வந்து விழும், அதை ஒரு மோட்டார் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மோட்டார் நின்றால் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள்தான் ஏறும். கரன்ட் போனால் மோட்டார் நிற்கும். கரன்ட் எப்போது போகும்? பேய் மழை பெய்யும்போது.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு வார்னிங் வந்தது, மாடிப்படிக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மேலே வந்தோம். பதினோரு மணிக்குக் கரன்ட் போனது. எனக்குப் பயமே இல்லை. 2012-இல் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லாமல் இருந்து, மெழுகுவர்த்தியில் படித்தவன் நான். பிள்ளைகளுக்கு அந்தக் கதையெல்லாம் சொன்னேன், விசிறிக்கொண்டே தூங்கினோம்.

காலையில் பால் எடுக்கப் பேஸ்மென்டுக்கு இறங்கினேன், இரண்டாவது ஃபிரிட்ஜ் அங்கேதான். கடைசிப் படி என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் சில்லென்று தண்ணீர். முட்டிக்குக் கீழே வரை. அரிசி மூட்டை, கார்ப்பெட், சோபா, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் மிதந்தோ ஊறியோ கிடந்தன. மூலையில் அப்பாவின் ட்ரங்குப் பெட்டி.

அந்தப் பெட்டியை நான்தான் அங்கே வைத்தேன், அதுவும் யோசித்து வைத்தேன். டொர்னேடோவில் மேல்வீடு பறந்தாலும் பேஸ்மென்ட் நிற்கும், ஆகவே முக்கியமானதெல்லாம் கீழே என்று ஒரு அறிவாளித்தனம். நான்கு பாஸ்போர்ட், எச்-1பி வேலை விசாவுக்கான ஐ-797 ஒப்புதல் தாள்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ், சொத்துப் பத்திர நகல்கள், அப்பா எனக்கு ஹாஸ்டலுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்கள். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டோம். ஃபேன் போடக் கரன்ட் இல்லை. விசா ஒட்டிய பக்கம் அலையலையாகச் சுருண்டது. இன்லண்டின் நீலத்தோடு பேனாவின் நீலமும் கலந்து, "அன்புள்ள" என்பது மட்டும் தெரிந்தது. பாஸ்போர்ட்டுக்குச் சிகாகோ தூதரகத்தில் புதிதாக விண்ணப்பித்தோம். ஐ-797-க்கு நகல் கேட்க ஐ-824 என்று ஒரு படிவம், அதற்குத் தனியாகப் பணம், காத்திருப்பு. கடிதத்துக்குப் படிவம் கிடையாது.

இதற்கு நடுவில் கை கழுவக் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. நம் ஊர் வீட்டில் கரன்ட் போனாலும் மொட்டை மாடித் தொட்டி காப்பாற்றும். இங்கே தொட்டி கிடையாது, கிணற்று மோட்டார் நேராகக் குழாய்க்குத் தள்ளுகிறது. நடுவில் உள்ள பிரஷர் டேங்கில் இருப்பது இரண்டு மூன்று தடவை ஃப்ளஷ் செய்யத்தான் வரும். கீழே முட்டியளவு தண்ணீர், மேலே வாய் கொப்பளிக்க வழியில்லை. அன்று மாலை அம்மாவிடம் போனில் சம்ப் நிரம்பிவிட்டது என்றேன். "நிரம்பினா நல்லதுதானேப்பா, மோட்டார் போட்டு மேல ஏத்திக்க" என்றாள்.

காப்பாற்றியது அடுத்த பண்ணைக்காரர். எழுபது வயதிருக்கும். பிக்கப்பில் ஜெனரேட்டரும் பம்பும் ஏற்றிக்கொண்டு கேட்காமலே வந்தார். வயரைத் தொடுவதற்கு முன் என்னைப் பிடித்து நிறுத்தி, தண்ணீர் எந்த ப்ளக் பாயின்ட் வரை ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஜெனரேட்டரை வீட்டிலிருந்து இருபது அடிக்கு அப்பால் வைத்தார். கராஜில் வைத்துப் புகையில் செத்தவர்கள் கதை ஒன்றையும் சொன்னார்.

இன்ஷூரன்ஸ்காரரிடம் நம்பிக்கையோடு போன் செய்தேன். அங்கேதான் உண்மையான அடி. அவர்கள் கண்ணுக்குத் தண்ணீர் ஒன்றல்ல. காற்று கூரையைப் பிய்த்து, அந்த வழியாக மழை உள்ளே வந்தால் சாதாரண வீட்டு பாலிசி கொடுக்கும். ஆறோ ஓடையோ பெருகி நிலத்தின் மேல் ஓடி வந்தால் அது வெள்ளம். அதற்குத் தனி வெள்ளப் பாலிசி வேண்டும், அதுவும் வாங்கிப் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லும். மழை வருகிறதென்று அன்றைக்கு ஓடிப் போய் வாங்க முடியாது. வாங்கினாலும் பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், மின்பெட்டி மாதிரி சிலவற்றுக்குத்தான் கிடைக்கும், சோபாவுக்கும் கார்ப்பெட்டுக்கும் கிடையாது. மூன்றாவது, சம்ப் நிரம்பியோ சாக்கடை எதிர்த்தோ வரும் தண்ணீர். அதற்கு வீட்டு பாலிசியோடு 'வாட்டர் பேக்கப்' என்று ஒரு இணைப்பு கேட்டு வாங்க வேண்டும். வருடத்துக்கு எண்பது டாலர் என்றார்கள். பாலிசி எடுத்தபோது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பதாயிரம் டாலர் கைக்காசு.

பேரிடர் உதவிக்கான மத்திய அரசு அமைப்பான ஃபீமா தருமே என்பார்கள். அதிபர் பேரிடர் என்று அறிவித்து, தனிநபர் உதவிக்கும் உங்கள் கவுண்டியைச் சேர்த்தால்தான் அந்தப் பேச்சே. எச்-1பியில் இருப்பவருக்கு அந்தப் பண உதவி கிடையாது. ஆனால் வீட்டில் இங்கே பிறந்த, குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் அதன் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

இப்போது என் வீட்டில் சம்புக்குப் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் இருக்கிறது, நம் ஊர் இன்வெர்டர் மாதிரிதான். குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தில் ஓடும் பம்ப் ஒன்றும் விற்கிறார்கள், பேட்டரியே வேண்டாம் என்று. கிணற்று வீட்டுக்கு அதை வாங்கிவிடாதீர்கள். கரன்ட் போனால் அந்த அழுத்தமும் போய்விடும். ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன் கிணற்று மோட்டார் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பெரும்பாலும் 240 இருக்கும். நான் அவசரத்தில் வாங்கிய சின்ன ஜெனரேட்டர் 120 மட்டும்தான் தரும். ஃபிரிட்ஜ் ஓடும், குழாய் ஓடாது. அதை வீட்டு வயரிங்கோடு இணைப்பதென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, வெளிக் கரன்ட்டும் ஜெனரேட்டர் கரன்ட்டும் கலக்காமல் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் போட்டுத்தான். சுவர்ப் பிளக்கில் திருப்பிச் செருகினால் வெளியே கம்பத்தில் வேலை செய்பவர் சாவார்.

வெள்ளத் தண்ணீர் கிணற்றை எட்டியிருந்தால் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள். கவுண்டி சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள், அயோவாவில் சொந்தக் கிணறுகளை இலவசமாகப் பரிசோதிக்க மாநிலத் திட்டம் இருக்கிறது.

காகிதங்கள் இப்போது மேல்தளத்து அலமாரியில், தண்ணீர் புகாத ஒரு பையில். வார்னிங் வந்தால் பையை மாட்டிக்கொண்டு இறங்குவோம், ஏறும்போது அதுவும் ஏறும். மகள்தான் பைக்குப் பொறுப்பு.

அப்புறம், மார்ச்சில் பனி உருகுவதற்கு முன் சம்புக் குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மிதவை மேலே வந்து மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். மெயின் பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரி பம்புக்கும் அதே சோதனை. வெளியே குழாய் வாயில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் எட்டிப் பார்த்துவிடுங்கள். இன்று காலை நான் செய்தேன். மெயின் பம்ப் மூன்றாவது வாளியில் ஓடியது, பேட்டரிக்கு ஐந்து வாளி ஆயிற்று.