பாஸ்வேர்ட் கேட்டு போன் வராமலிருக்க: அட்மின் உரிமை இல்லாத கணினிகளில் அப்டேட்

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் சில சிறிய அலுவலகங்களின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு முந்திரி ஆபீஸ், ரப்பர் ஷீட் வாங்கும் கடை, ஒரு ஆடிட்டர் அலுவலகம். எங்கேயும் ஊழியர்களுக்கு அட்மின் உரிமை, அதாவது கணினியில் எதையும் நிறுவவும் மாற்றவும் அனுமதி, கிடையாது; கொடுக்கவும் கூடாது. ஆனால் அடிக்கடி "அண்ணே, பாஸ்வேர்ட் கேக்குது" என்று போன் வந்தால், முதலாளி அலுத்துப்போய் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுவார். ஆகவே அது கேட்கும் சந்தர்ப்பங்களையே குறைக்க வேண்டும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பொதுவாக அட்மின் பாஸ்வேர்ட் வேண்டியதில்லை. அது பின்னணியில் விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது; சாதாரணப் பயனரே செட்டிங்ஸில் போய்த் தொடங்கலாம். குரோமையும் ஃபயர்பாக்ஸையும் அட்மின் கணக்கில் நுழைந்து மொத்தக் கணினிக்கும் நிறுவுங்கள். அப்புறம் பின்னணியில் ஓடும் அவற்றின் சேவைகளே (சர்வீஸ்) புதுப்பித்துக்கொள்ளும். ஊழியர் தானாகக் குரோமை இறக்கினால் அது அவருடைய கணக்குக்குள் மட்டும் உட்காரும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பிரதி பழையதாகவே கிடக்கும். அப்படிப்பட்டவற்றைத் தேடி நீக்குங்கள்.

அடுத்தது நாள் குறிப்பது. கணக்கு எழுதும் ஆபீஸில் இதுதான் முக்கியம். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் 2-வது செவ்வாயில் பாதுகாப்பு அப்டேட் விடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு. தேதி 8-லிருந்து 14-க்குள் விழும். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கெடு 11, வரி கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி-க்குக் கெடு 20. கெடு நாளில் கணினி ரீஸ்டார்ட் ஆகி நின்றால் யார் பதில் சொல்வது? விண்டோஸ் புரோ என்றால் குரூப் பாலிசி எடிட்டரில் (கணினிக்கு விதிகள் போடும் இடம்) விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய், குவாலிட்டி அப்டேட்டை, அதாவது இந்த மாதாந்திர அப்டேட்டை, 3 நாள் தள்ளிவையுங்கள். சனிக்கிழமை காலையில் வந்து நிற்கும். அந்தச் சனி 12-க்கும் 18-க்கும் இடையில்தான் வரும். இரண்டு கெடுவிலும் இடிக்காது. அந்த அப்டேட்டில் கோளாறு இருந்தால் அதற்குள் செய்தியும் வந்துவிடும்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுக்கச் சொல்லுங்கள். மாலைக்கு விடாதீர்கள். ஐப்பசியில் மாலையானால் இடி மின்னல். பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சொன்னாலும் கேட்க மாட்டார்கள், அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி கால் மணி நேரமாவது தாங்குகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்ட் கேட்பதில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்: கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப், வீடியோ பார்க்கும் விஎல்சி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பிரிண்டர். 2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு, நெட்வொர்க் பிரிண்டர் டிரைவரைப் போடவும் மாற்றவும் இயல்பாகவே அட்மின் வேண்டும். புது பிரிண்டர் வாங்கினால் எல்லாக் கணினியிலும் அன்றே டிரைவரைப் போட்டுவிடுங்கள். மற்றவற்றில் விங்கெட்டில் (கட்டளை தட்டி மென்பொருள்களைப் புதுப்பிக்கும் விண்டோஸ் கருவி) கிடைப்பவற்றை, மாதம் ஒரு முறை அட்மின் கணக்கில் நுழைந்து அதைக் கொண்டு மொத்தமாக ஏற்றலாம். கணக்கு மென்பொருளான டேலியை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். ஒரு கணினியில் புதிய பதிப்பு டேட்டாவை மாற்றிவிட்டால், பக்கத்து மேசையின் பழைய பதிப்பில் அது திறக்காமல் போகலாம். பேக்கப் எடுத்துவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஏற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பாஸ்வேர்ட் பெட்டி வந்தால், ஊழியர்களுக்கு நான் சொல்வது: "ஒண்ணும் தட்டாண்டாம். போன்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க." அந்தப் பெட்டி இருக்கும்போது பிரிண்ட் ஸ்கிரீன் வேலை செய்யாது, அதனால்தான் போன். வெளியீட்டாளர் பெயரைப் பாருங்கள். தெரியாதவர் என்று இருந்தால் 'நோ' கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். தெரிந்த மென்பொருள்தான் என்றால் தொலைவிலிருந்து இணைந்து நீங்களே பாஸ்வேர்டைத் தட்டுங்கள், போனில் சொல்லாதீர்கள். சில ரிமோட் மென்பொருள்களில் அந்தப் பெட்டி உங்கள் பக்கம் கறுப்பாகத்தான் தெரியும். ரிமோட் மென்பொருளைப் பின்னணிச் சேவையாக நிறுவியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் ஹோமில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. அங்கே அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தானை அந்த 2-வது செவ்வாய் இரவுக்கு முன்பு அழுத்திவைத்து, சனிக்கிழமை எடுத்துவிட வேண்டியதுதான்.