முகாமில் சுருக்குப்பை: துணி வெட்டும் முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

வாலிபர் முகாமுக்குக் கைவேலை என்றதும் பலரும் தேர்ந்தெடுப்பது வேதாகமம் வைக்கும் சுருக்குப்பை. நல்ல தேர்வுதான். உறை தைப்பதென்றால் ஒவ்வொருவரின் வேதாகமத்துக்கும் தனித்தனியாக அளவெடுக்க வேண்டும். பைக்கு அந்தத் தொல்லை இல்லை, வீட்டுக்குப் போனபிறகும் கையில் இருக்கும். ஆனாலும் முகாம் முடிகிற அன்று ஹாலைப் பெருக்கினால் பெஞ்சுக்கடியில் பாதி தைத்த பைகள் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் கடையில் துணி கிழித்த அன்றும், நேர அட்டவணை போட்ட அன்றும் நாம் செய்த பிழைதான் அப்படிக் கிடக்கிறது.

துணிக் கணக்கு

6 இன்ச் அகலம், 9 இன்ச் உயரம், 2 இன்ச் தடிமன் உள்ள வேதாகமம் தாராளமாகப் போய்வர, தைத்து முடித்த பை 10 இன்ச் அகலமும் 13 இன்ச் உயரமும் இருக்க வேண்டும். அடியில் தையல் வராமல் ஒரே துண்டாக மடித்துத் தைப்பது நல்லது. புத்தகத்தின் கனம் முழுவதும் அடியில்தான் இறங்கும், கைத்தையல் முதலில் விட்டுப்போவதும் அங்கேதான். இரு பக்கமும் தையலுக்கு அரை இன்ச், மேலே நாடா மடிப்புக்கு இரு முனையிலும் ஒன்றரை இன்ச் சேர்த்தால், ஒரு பைக்கு 11 இன்ச் அகலம், 29 இன்ச் நீளம் கொண்ட துண்டு வேண்டும்.

44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள காடா துணியில், அதாவது வெளுக்காத பருத்தித் துணியில், குறுக்கே நான்கு துண்டு என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. நாலு பதினொன்று நாற்பத்து நான்கு, கச்சிதமாக வருகிறது. ஆகவே 48 பேருக்கு 12 வரிசை, 9 மீட்டர் போதும் என்று வாங்கிவிடுகிறோம். புதுக் காடா தண்ணீரில் போட்டால் சுருங்கும். 5 சதவீதம் சுருங்கினால் பன்னா 42 இன்ச்சுக்கு இறங்கிவிடும், குறுக்கே மூன்று துண்டுதான் தேறும். நீளமும் குறைவதால் 12 வரிசைக்குப் பதில் 11. ஆக 33 பை. மீதி 15 பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்குப் பயந்து நனைக்காமலே வெட்டுகிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். வீட்டில் முதல் சலவையிலேயே பை சுருங்கிச் சிறுத்துவிடும். துணியில் இருக்கும் கஞ்சி போகாததால் ஊசியும் இறுக்கமாகவே இறங்கும், பெயிண்ட் அடித்தால் பிடிக்காது. 48 பேருக்கு 14 மீட்டர் வாங்கி, ஓர் இரவு ஊறவைத்து, கசக்காமல் காயப்போட்டு, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போடுங்கள். 54 துண்டு வரும். ஆறு பை உபரி என்பது வீண்செலவு அல்ல; பேர் கொடுக்காமல் வந்து நிற்கும் பிள்ளைகள் எந்த முகாமிலும் இருப்பார்கள். ஓரத்தில் மிஞ்சும் 9 இன்ச் பட்டை தையல் பழகுவதற்கு ஆகும்.

எதை முதலில் தைப்பது

பையை முழுதாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, அதன்மேல் எம்பிராய்டரி போடச் சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே போன ஊசி பின்பக்கத் துணியையும் சேர்த்தே இழுத்து வரும். எழுத்தெல்லாம் முடிந்தபிறகு பையைத் திறந்து பார்த்தால் முன்னும் பின்னும் ஒட்டிக் கிடக்கும். பிரிக்க வேண்டும், அல்லது தூக்கிப்போட வேண்டும்.

மூன்று நாள் முகாமாக இருந்தால் வேலையை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் துணி விரித்த நிலையிலேயே எழுத்தைத் தைப்பது. அன்று இரவோ மறுநாள் காலையிலோ, சபையில் தையல் மெஷின் ஓட்டத் தெரிந்த இரண்டு மூன்று அக்காமார் பக்கத் தையலையும் நாடா மடிப்பையும் அடித்துவிடுவது. கடைசி நாள் பிள்ளைகள் நாடா கோர்ப்பது. பக்கத் தையலையும் பிள்ளைகளே கையால் போட வேண்டும் என்று ஆசைப்படலாம். ஒரு பைக்கு 12 இன்ச்சாக இரண்டு பக்கம், மேல் மடிப்புக்கு இன்னும் 20 இன்ச். ஊசி பிடித்துப் பழகாத பிள்ளை ஒரு இன்ச் ஒழுங்காகப் பின்தையல் போட ஒன்றரை நிமிடம் ஆகும். அதுவே ஒரு மணிக்கு மேல், எழுத்துக்கு முன்பாகவே. முகாமுக்கு முந்தின வாரம் உதவியாளர் ஒருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பையை முடித்துப் பார்க்கட்டும். அவருக்கு ஆன நேரத்தை மூன்றால் பெருக்கி அட்டவணையில் எழுதுங்கள்.

விரித்த துணியில் எங்கே தைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 29 இன்ச் துண்டின் நடுவே, பதினாலரை இன்ச்சில் மடித்து நகத்தால் ஒரு கோடு அழுத்துங்கள். அதுதான் பையின் அடி. அந்தக் கோட்டிலிருந்து 5 அல்லது 6 இன்ச் மேலே எழுத்தின் நடுப்பகுதி வர வேண்டும். மேல் முனையில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுக்காவிட்டால் பத்தில் இரண்டு மூன்று பேராவது மறுபாதியில் தைத்துவிடுவார்கள். பையை மடித்ததும் அந்தச் சொல் தலைகீழாக நிற்கும். பால்பாயிண்ட் பேனாவால் வரையவே கூடாது. நூலுக்கடியில் மறைந்திருக்கும் மை, துவைத்ததும் ஊறிப் பரவும். பென்சில் அல்லது டெய்லர் சாக்பீஸ் போதும்.

தமிழ் எழுத்தைத் தைக்கும்போது

ஆங்கில எழுத்துக்குப் போட்ட மாதிரிகளைப் பார்த்து, முக்கால் இன்ச் உயரத்தில் தமிழ்ச் சொல் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நேர்கோடுகள் அதிகம். ஒரு நீண்ட தையலில் ஒரு கோடு முடிந்துவிடும். நமக்குச் சுழி. ‘ன’வின் சுழிக்குள் ஊசி போக இடமில்லாவிட்டால் அது முடிச்சுபோல அடைத்துக்கொள்ளும், ‘ன’வா ‘ண’வா என்று தைத்தவருக்கே தெரியாது. எழுத்து ஒன்றரை இன்ச் உயரத்துக்குக் குறையக் கூடாது. பையின் முகப்பு 10 இன்ச், ஓரத்துக்கு இடம் விட்டால் 7 இன்ச்தான் மிச்சம். ஆகவே ‘விசுவாசம்’ வேண்டாம். ‘அன்பு’, ‘ஒளி’, ‘கிருபை’ சரியாக இருக்கும். முழு வசனத்தைத் தைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள்.

ஓட்டத் தையலில் தமிழ் எழுத்து படிக்க வராது. விட்டுவிட்டு வரும் கோடு சுழியை உடைத்துவிடும். பின்தையல் போட வேண்டும்: ஊசியை ஒரு தையல் முன்னே எடுத்து, முந்தைய தையல் முடிந்த அதே துளைக்குப் பின்னே இறக்குவது. நேரான இடத்தில் இன்ச்சுக்கு 6 தையல், வளைவில் 8. வளைவில் தையல் நீண்டால் ‘அ’வின் வட்டம் கோணல் மாணலாக முக்கு முக்காக நிற்கும்.

இன்னொரு சிறு விஷயம், கடைசி நிமிடத்தில் எல்லோரும் மறப்பது: புள்ளி. அவசரத்தில் விட்டுவிட்டால் பையில் ‘அனபு’ என்று இருக்கும். நூலை ஊசியில் சுற்றிப் போடும் முடிச்சுப் புள்ளி புதியவர்களுக்கு வராது, உருவிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நான்கு சின்னத் தையல் போட்டால் நல்ல உருண்டைப் புள்ளி கிடைக்கும்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை உண்டு. ஆறையும் சேர்த்து ஊசியில் கோர்த்தால் காடா துணியில் இறங்காது, பிள்ளைகள் பல்லால் இழுப்பார்கள். மூன்று இழை போதும். ஒவ்வோர் இழையாக உருவி, பிறகு மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பிரித்தால் சிக்கு விழும். நூலின் நீளம் ஒரு முழம், அதாவது 18 இன்ச். அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று இரண்டு முழம் எடுத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் நூல் முறுக்கேறி முடிச்சு விழும்; அதை அவிழ்க்கிற நேரத்தில் மூன்று முறை கோர்த்திருக்கலாம். ‘அன்பு’ என்ற சொல்லுக்கு நான்கு முழம் பிடிக்கும். 8 மீட்டர் கண்டு (நூல் சுருள்) ஒன்றில் 17 முழத் துண்டு. ஒவ்வொன்றும் மூன்று மூன்று இழையாகப் பிரிந்தால் 34. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கண்டு என்றால் 48 பேருக்கு 6 கண்டு. நிறத்துக்குச் சண்டை வராமலிருக்க 12 வாங்குங்கள்.

பக்கத் தையலும் நாடாவும்

துணியின் நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, அடியிலிருந்து மேலே தைத்துப் போகிறோம். கை ஓட்டத்தில் மேல் முனை வரைக்கும் அடித்துவிட்டால் நாடா நுழைய வழியே இருக்காது. மேலே இரண்டரை இன்ச் விட்டு நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்தில் மெஷினை முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டுங்கள். பையை இழுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம்தான் பாரம் தாங்கும். பிறகு விட்ட பகுதியின் ஓரங்களை உட்பக்கம் மடித்துத் தைத்து, மேல் முனையை முதலில் அரை இன்ச், அடுத்து ஒரு இன்ச் மடித்துக் கீழ் ஓரத்தில் தையல் போட வேண்டும்.

நாடா ஒன்று போதும் என்று நினைப்பது தவறு. ஒற்றை நாடாவை இழுத்தால் துணி ஒரு பக்கமாகவே குவியும், மறுபக்கம் வாய் திறந்தே நிற்கும். 28 இன்ச்சில் இரண்டு நாடா எடுங்கள். ஒன்று இடப்பக்கத் துளையில் நுழைந்து முழுச் சுற்று வந்து இடப்பக்கமே வெளிவர வேண்டும். மற்றது வலப்பக்கத்தில் அப்படியே. 48 பைக்கு 68 மீட்டர் சொச்சம் ஆகும். ஊக்கில் மாட்டும்போது நாடா முனையை ஒரு மடிப்பு மடித்துக் குத்துங்கள். ஒற்றையாகக் குத்தினால் பாதி வழியில் பிய்ந்து, ஊக்கு மடிப்புக்குள் தனியாக மாட்டிக்கொள்ளும்.

பசை

தையலுக்குப் பதில் ஃபெல்ட் எழுத்து வெட்டி ஃபெவிகாலால் ஒட்டுவது நேரம் மிச்சம்தான், ஆனால் வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும். முதல் சலவையில் எழுத்து உதிரும். ஒட்டினாலும் ஒவ்வொரு எழுத்திலும் நான்கைந்து தையல் போட்டுவிடுங்கள். ஃபெல்ட்டின் பின்பக்கம் எழுத்தை வரைந்து வெட்டினால் திருப்பும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். க்ளூ கன் இருந்தால் ஒரே மேசை, ஒரே பெரியவர். சூடான பசை தோலில் பட்டால் உரிக்கக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். டூத்பேஸ்ட், மை எதுவும் தடவ வேண்டாம்.

மணி வளையல்

பையோடு, நற்செய்தியை நிறங்களால் சொல்லும் ஐந்து நிற மணி வளையலும் கோர்க்கக் கொடுப்பது வழக்கம். லண்டனில் போதகர் ஸ்பர்ஜன் 1866-ல் கருப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றையும் வைத்து நற்செய்தி சொன்னார். அமெரிக்க நற்செய்தியாளர் டி. எல். மூடி 1875-ல் பொன் நிறத்தைச் சேர்த்தார். பச்சை பிற்பாடு வந்தது. எலாஸ்டிக் 10 இன்ச் வெட்டுங்கள். ஒற்றை முடிச்சு வழுக்கி அவிழும். இருமுறை சுற்றி இறுக்கி, ஒரு சொட்டுப் பசை வைக்க வேண்டும்.

விளக்கும் இடத்தில்தான் பெரிய தவறு நேர்கிறது. “கருப்புன்னா பாவம், வெள்ளைன்னா சுத்தம்” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நிறத்தைச் சொல்லிக் கேலிசெய்யப்பட்டு வளர்ந்த பிள்ளை அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். “இது இருட்டு, விளக்கில்லாத ராத்திரி” என்று சொல்லுங்கள். வேதாகமமும் இருளையும் ஒளியையும்தான் பேசுகிறது, தோலின் நிறத்தை அல்ல.

பெண் பிள்ளைகளுக்குத் தையல், பையன்களுக்குக் கிரிக்கெட் என்று பிரிப்பதும் நம் சபைகளில் இன்னும் இருக்கிறது. பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர் என்று அதே முகாமில்தான் பாடம் எடுக்கிறோம். எல்லோருக்கும் ஊசி கொடுங்கள்.

ஊசிக் கணக்கு

அந்த ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்க வேண்டும். கைவேலை நடக்கும் அதே ஹாலில்தான் ராத்திரி பாய் விரித்துப் படுக்கிறார்கள், செருப்பும் வாசலில் கிடக்கும். ஒரு மேசைக்கு 8 பேர், 8 ஊசி; ஃபெல்ட் துண்டில் 1 முதல் 8 வரை எண் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஊசி குத்திக் கொடுங்கள். எட்டும் திரும்பி வந்த மேசைதான் டீக்குப் போகலாம். ஒன்று குறைந்தால் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி, தரையை ஒட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். பெருக்குமாறு ஊசியைத் தள்ளிவிடும், பாயின் அடியில் கொண்டுபோய் நிறுத்தும்.