பள்ளிச் சத்துணவுக்காக ஊர் சேர்ந்து போடும் பசுமைக்குடில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி வளாகத்தில் குடில் போடலாம் என்று பேச்செடுத்ததும், எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை அடிக்கு எத்தனை அடி என்பதைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. முதல் கேள்வியைச் சமையல்கூடத்தில் போய்க் கேட்க வேண்டும்: தினமும் எத்தனை கிலோ காய் வேகிறது, அதை நறுக்கக் கை எத்தனை இருக்கிறது?

மதிய உணவுத் திட்ட விதிப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய்கறி. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 75 கிராம். தொடக்கப் பள்ளியில் 100 பேர் சாப்பிடுகிறார்கள் என்றால் நாளைக்கு 5 கிலோ, மாதத்துக்கு 20 பள்ளி நாள் என்றால் 100 கிலோ. இப்போது ஒரு சென்ட் குடிலை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 40 சதுர மீட்டர். நடைபாதை போகப் பாத்திக்கு மிஞ்சுவது 25 சதுர மீட்டர்தான். தண்டுக்கீரை நன்றாக வந்தால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, அதுவும் 25 நாளில். ஆக, ஒரு சென்ட் குடில் ஒரு மாதத்தில் தருவது ஐந்து நாள் காய்கறி. இந்தக் கணக்கைப் போடாமல், "இனிச் சந்தையில் காய் வாங்கவே வேண்டாம்" என்று திறப்பு விழாவில் பேசிவிடக் கூடாது. அப்படிப் பேசினால் காய்கறிச் செலவுத் தொகையைக் குறைக்கலாமே என்று யாருக்காவது தோன்றும். தட்டில் விழும் காய் குறைந்துபோகும். தோட்டத்துக் கீரை, வாங்கும் காய்க்கு மேல் கூடுதலாகப் போய்ச் சேர வேண்டும்.

அடுத்தது, படத்தில் பார்த்த பாலித்தீன் கூரையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவருவது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிரையும் மழையையும் தடுக்க அது தேவை. மதுரையிலோ வேலூரிலோ பாலித்தீன் கூரை வெப்பத்தை உள்ளே பூட்டி வைக்கும். ஏப்ரல் மாதம் செடி நிற்காது, வேலை செய்பவரும் நிற்க முடியாது. சமவெளிக்கு நிழல்வலைக் குடில் போதும், செலவும் குறைவு. அதிலும் வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் வலை வேண்டாம். செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து சாயும். 50 சதவீத வலையைப் பத்தடிக்குக் குறையாத உயரத்தில் கட்டினால் சூடு மேலே போய்விடும். வலையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயிலே குறைவு, அப்போது நிழல் எதற்கு? புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துவிட வேண்டும். இல்லையென்றால் காற்று வலையோடு சேர்த்துக் கம்பத்தையும் பிடுங்கும். 2018 நவம்பரில் கஜா வீசியதைப் பார்த்த டெல்டா ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பயிர்த் தேர்வில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. ஆசையாகக் கட்டிய குடிலுக்குள் சுரை, பீர்க்கன், பாகல், பூசணி என்று கொடி ஏற்றுகிறார்கள். பூ நிறையப் பூக்கும். பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிரும். உடனே உரம் போதவில்லை என்று இன்னும் உரம் போடுவார்கள். இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைத் தேனீதான் கொண்டுசேர்க்க வேண்டும். பூச்சி வராமல் நாமே நான்கு பக்கமும் வலை கட்டியிருக்கிறோம், தேனீ எப்படி வரும்? கொடிகளை வேலியிலும் பந்தலிலும் வெளியே விடுங்கள். வெண்டை, கொத்தவரை, காராமணிக்கும் நல்ல வெயில்தான் பிடிக்கும். முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை எல்லாம் மதிலோரம் போகட்டும்.

சரி, குடிலுக்குள் என்ன? கீரை, கொத்தமல்லி, அப்புறம் நாற்று. சிறு சிறு குழிகள் கொண்ட குழித்தட்டில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று வளர்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு சிறு குடிலில் வளர்த்த நாற்று வளாகம் முழுவதும் காய்க்கும், பிள்ளைகள் வீட்டுக்கும் ஆளுக்கு இரண்டு கொண்டுபோகலாம். குடிலின் உண்மையான பலன் இதுதான் என்பது என் எண்ணம். கீரையையும் எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள். நான்கு பாத்தி பிரித்து வாரம் ஒன்றாக விதைத்தால் வாரம் ஒரு பாத்தி அறுக்கலாம்.

எந்த நாளில் அறுப்பது என்பதைச் சமையலரிடம் கேளுங்கள். காலை பத்து மணிக்குப் பத்துக் கிலோ கீரையை மண்ணோடு கொண்டுபோய் வாசலில் வைத்தால் அது அவருக்கு உதவி இல்லை, தண்டனை. இருக்கிற இரண்டு பேர் ஆய்ந்து, அலசி, நறுக்கி, சோறும் வடிக்க வேண்டும். முருங்கைக்கீரை சத்தானதுதான், நூறு பேருக்கு உருவிப் பார்த்தால் தெரியும். உணவுப் பட்டியலில் கீரை சாதமும் சாம்பாரும் வரும் நாட்களைச் சத்துணவு அமைப்பாளரோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டு, அதற்கேற்ப விதையுங்கள். வேரை அறுத்து, மண் போக ஒருமுறை அலசிக் கொடுப்பது தோட்டக்காரர்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

பள்ளிக்கூட மண்ணில் பெரும்பாலும் கட்டட இடிபாடு கலந்திருக்கும். சுண்ணாம்பு மிகுந்தால் இளம் இலை வெளுக்கும். விதைப்புக்கு முன்பே மண்ணையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். தட்டு கழுவிய சோப்புத் தண்ணீர் வாழைக்குப் போகலாம், கீரைக்கு வேண்டாம்.

பூச்சிமருந்தை வளாகத்துக்குள் நுழையவே விடாதீர்கள். மருந்து அடித்தால் சில நாள் காத்திருந்துதான் பறிக்க வேண்டும். 25 நாளில் அறுக்கும் கீரையில் அந்த அவகாசமே இல்லை. பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டை தொங்கவிடலாம். மீறினால் அரைக் கிலோ வேப்பங்கொட்டையை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். இயற்கை உரம் என்ற நம்பிக்கையில் பச்சைச் சாணக் கரைசலைக் கீரை மேல் ஊற்றுவதும் தவறு. அதிலுள்ள கிருமி வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். நன்றாக மக்கிய எருவை விதைப்புக்கு முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள்.

கடைசியாக, மே மாதம். பல குடில்கள் சாவது அப்போதுதான். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடும், ஜூனில் திறக்கும்போது உள்ளே காய்ந்த குச்சிதான் இருக்கும். பாத்தியைச் சும்மா விடாமல், கொத்திச் சமன்செய்து, ஈரமாக நனைத்து, கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி ஓரத்தில் மண் அணைத்து நான்கு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், மண் அவ்வளவு சூடேறாது. வேரைத் தாக்கும் நூற்புழுவும் களை விதையும் அந்தச் சூட்டில் பெருமளவு அழியும். நான்கு வாரம் முடிந்ததும் தாளை எடுத்து, எருவிட்டு, மே மாதக் கடைசியில் விதைத்தால் பள்ளி திறந்த மூன்றாம் வாரம் கீரை தயார். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் தண்ணீர் ஊற்ற ஆளை முன்பே எழுதி வையுங்கள். காலைச் சிற்றுண்டி சமைக்கும் மகளிர் குழுவினரைக் கேட்கலாம், ஆனால் சும்மா கேட்காதீர்கள்: விடுமுறையில் விளைவது முழுவதும் தண்ணீர் ஊற்றுபவருக்கே என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுவிடுங்கள்.