மீட்டிங் நாளில் பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள்

பள்ளி விட்டதும் ஆசிரியர் கூட்டம், அதே நேரத்தில் மைதானத்தில் கோ-கோ டீம் காத்திருக்கிறது. சென்னையில் வகுப்பும் எடுத்து, டீமையும் பார்த்துக்கொள்கிற ஆசிரியர்களுக்கு இது பழகிய தவிப்பு. கூட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நவம்பரில் இங்கே 5:40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அப்புறம் எங்கே ஓடுவது?

மாதத் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கூட்டத் தேதிகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த நாட்களில் மட்டும் பயிற்சி காலை 6:30 முதல் 7:30 வரை. ஏப்ரல் வெயிலுக்கும் அதுதான் நல்லது. முந்தின நாளே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுங்கள். மாநகரப் பேருந்தில் தூரத்திலிருந்து வருகிற பிள்ளை ஐந்து மணிக்கே எழ வேண்டும். பயிற்சி முடிந்ததும் சாப்பிட இட்லியோ வாழைப்பழமோ கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார வைப்பது பாவம்.

திடீரென்று கூட்டம் அறிவித்தால்? அன்று பயிற்சி கிடையாது, அவ்வளவுதான். கேப்டனை நம்பிப் பிள்ளைகளை மைதானத்தில் தனியே விடவே விடாதீர்கள். கணுக்கால் பிசகினால் ஓடி வர ஒரு பெரியவர் அங்கே இருக்க வேண்டும்.